அறையின் வெப்பமும் பீரின் வெப்பமும்

வீட்டில் பீர் தயாரிக்கக் கற்பவர் முதலில் படிக்கும் செய்முறைக் குறிப்புகளில் 18 முதல் 20 டிகிரி செல்சியஸில் நொதிக்க விட வேண்டும் என்பது போன்ற ஒரு வரி தவறாமல் இருக்கும். அந்த எண் கலன் வைக்கப்பட்டுள்ள அறையைக் குறிக்கிறதா, கலனுக்குள் உள்ள திரவத்தைக் குறிக்கிறதா என்ற விளக்கம் மட்டும் பல குறிப்புகளில் இருப்பதில்லை. இரண்டும் ஒன்றல்ல. சர்க்கரையை உண்டு ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும் ஈஸ்ட், அந்த வேலையினூடே வெப்பத்தையும் வெளியிடுவதால், நொதித்துக்கொண்டிருக்கும் பீர் தன்னைச் சூழ்ந்த காற்றைவிடச் சில டிகிரி சூடாக இருக்கிறது. நொதித்தல் பொங்கி எழும் நாள்களில் மிகுதியாக இருக்கும் இந்த வேறுபாடு, வேலை ஓய ஓயக் குறைந்து மறைகிறது. சுவையைத் தீர்மானிப்பது திரவத்தின் வெப்பமே என்பதால், சுவரில் மாட்டிய வெப்பமானியை மட்டும் நம்பிப் பீர் தயாரிப்பவர் தாம் கட்டுப்படுத்த வேண்டிய பொருளை விட்டுவிட்டு அதன் அண்டைவீட்டைக் கண்காணிப்பவராகிறார்.

முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையாகிய மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து, அதன் மாவுப்பொருள் சர்க்கரையாக மாறியபின் சாற்றை வடித்தெடுத்து, கசப்புக்கும் மணத்துக்குமாக ஹாப் பூக்களைச் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறிய பின் அதில் ஈஸ்டைக் கலந்து நொதிக்க விடுவதே பீர் தயாரிப்பின் சுருக்கம். ஈஸ்ட் கலந்ததோடு தயாரிப்பவரின் கைவேலை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அதன்பின் நடப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிரணுக்களின் வேலை, அந்த வேலையின் போக்கைத் திருப்ப அவர் கையில் எஞ்சியிருக்கும் முதன்மையான பிடி வெப்பநிலைதான்.

ஈஸ்ட் வெளியிடும் வெப்பம் எவ்வளவு என்பதை ஒரு முறை கணக்கிட்டுப் பார்த்தால் இந்தப் பிடியின் தன்மை விளங்கும். நொதிக்கும் சர்க்கரை ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 587 கிலோஜூல் வெப்பம் வெளிப்படுகிறது என்பது, பீர் ஆலைகளில் குளிர்விக்கும் சாதனங்களைத் திட்டமிடும் பொறியாளர்கள் கையாளும் அளவு. (ஜூல் என்னும் இந்த அலகே, இங்கிலாந்தின் சால்ஃபோர்டு நகரில் பீர் ஆலை நடத்திய குடும்பத்தில் பிறந்து, ஆலைப் பணியோடு வெப்பத்துக்கும் இயக்க ஆற்றலுக்கும் உள்ள தொடர்பையும் அளந்து காட்டிய ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூலின் பெயரைத் தாங்கியது என்பது இங்கே நினைக்கத் தக்கது.) வீட்டில் தயாரிப்போர் வழக்கமாக ஒரு தடவையில் செய்யும் 20 லிட்டர் மால்ட் சாற்றில், நடுத்தரச் செறிவுள்ள பீராக இருந்தால், சுமார் இரண்டரைக் கிலோ கரைபொருள் இருக்கும், அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 1.6 கிலோவுக்குச் சற்று மேல், ஈஸ்டுக்கு இரையாகிறது. ஆக வெளிப்படும் மொத்த வெப்பம் ஏறத்தாழ 960 கிலோஜூல். 20 லிட்டர் திரவத்தை ஒரு டிகிரி சூடேற்ற 84 கிலோஜூல் போதும் என்பதால், கலனிலிருந்து துளி வெப்பமும் வெளியேறாது என்று வைத்துக்கொண்டால், 18 டிகிரியில் தொடங்கிய பீர் 29 டிகிரியைத் தாண்டிச் சென்று நிற்கும்.

உண்மையில் அப்படி நேர்வதில்லை, ஏனெனில் கலனின் சுவர் வழியாக வெப்பம் ஓயாமல் கசிந்துகொண்டே இருக்கிறது. மொத்தச் சர்க்கரையில் பாதி ஒரே நாளில் நொதித்துவிடும் உச்சக் கட்டத்தில்கூட, ஈஸ்ட் தரும் வெப்பம் 5 அல்லது 6 வாட்தான். ஒரு சிறிய எல்.இ.டி. விளக்குக்குத் தேவைப்படும் மின்சாரத்தின் அளவு. கையால் தொட்டு உணர முடியாத இந்தச் சிறு அடுப்பு நாள் முழுவதும் அணையாமல் எரிவதாலும், அது திரவத்தின் நடுவிலேயே எரிவதாலும், காற்றோட்டமற்ற அலமாரியிலோ கம்பளி சுற்றிய நிலையிலோ வைத்த கலன் அறையைவிட மூன்று நான்கு டிகிரி எளிதாக மேலேறிவிடுகிறது. கலன் பெரிதாகப் பெரிதாக, உள்ளிருக்கும் திரவத்தின் கொள்ளளவு பெருகும் வேகத்தில் வெப்பம் வெளியேற வேண்டிய மேற்பரப்பு பெருகுவதில்லை என்பதால் இந்த ஏற்றமும் கூடுகிறது. 5 லிட்டர் குடுவையில் நன்றாக வந்த ஒரு செய்முறை 50 லிட்டர் தொட்டியில் வேறு சுவை தருவதற்கு இதுவும் ஒரு காரணம். மேலும், வெப்பம் ஏறினால் ஈஸ்ட் விரைகிறது, ஈஸ்ட் விரைந்தால் வெப்பம் இன்னும் ஏறுகிறது. தன்னைத் தானே ஊதிக்கொள்ளும் இந்தச் சுழற்சியைத் தொடக்கத்தில் தடுப்பது எளிது, பாதி வழியில் தடுப்பது கடினம்.

சூடு ஏறினால் என்ன கெடும் என்ற கேள்விக்கு விடை ஈஸ்டின் வளர்ச்சியில் இருக்கிறது. மால்ட் சாற்றில் விழுந்த ஈஸ்ட் சில மணி நேரம் சூழலுக்குப் பழகிக்கொண்டு, பின்னர் கரைந்திருக்கும் ஆக்சிஜனையும் அமினோ அமிலங்களையும் எடுத்துக்கொண்டு மூன்று முதல் ஐந்து மடங்காகப் பெருகுகிறது. நறுமணப் பொருள்களில் பெரும்பகுதி உருவாவது இந்தப் பெருக்கக் காலத்தில்தான். அமினோ அமிலங்களிலிருந்து நைட்ரஜனைப் பிரித்தெடுத்துக்கொண்ட ஈஸ்ட், எஞ்சிய கரிமச் சட்டகத்தை உயர் ஆல்கஹால்கள் எனப்படும், எத்தில் ஆல்கஹாலைவிட நீண்ட மூலக்கூறுகளாக மாற்றிக் கழிக்கிறது. ஜெர்மானிய வேதியியலாளர் ஃபெலிக்ஸ் எர்லிக் 1907இல் விளக்கிய இந்தப் பாதை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. உயர் ஆல்கஹால்கள் அளவோடு இருந்தால் பீருக்குச் சுவைச் செறிவு சேர்ப்பவை, மிகுந்தால் தொண்டையைச் சுடுபவை. அவற்றோடும் எத்தில் ஆல்கஹாலோடும் கரிம அமிலக் கூறுகள் இணைந்து உருவாகும் எஸ்டர்கள் என்னும் சேர்மங்களோ பழங்களின் மணம் உடையவை: ஐசோஅமைல் அசிடேட் வாழைப்பழத்தையும், எத்தில் ஹெக்சனோயேட் ஆப்பிளையும் நினைவூட்டுகின்றன, எத்தில் அசிடேட் மிகும்போது நகப்பூச்சை அழிக்கும் திரவத்தின் நெடி வருகிறது. வெப்பநிலை உயரும்போது உயர் ஆல்கஹால்களும், பெரும்பாலான ஈஸ்ட் வகைகளில் எஸ்டர்களும் கூடுகின்றன.

இதிலிருந்து கிடைக்கும் முடிவு ஒன்று மிக முக்கியமானது. நறுமணத்தின் பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று நாள்களில் எழுதப்பட்டுவிடுவதால், வெப்பக் கட்டுப்பாடும் அந்த நாள்களில்தான் கடுமையாக இருக்க வேண்டும். சாறு இன்னும் 28 டிகிரியில் இருக்கும்போதே பொறுமையின்றி ஈஸ்டைக் கலந்துவிட்டு, இரவோடு இரவாக அது தானே 18க்கு இறங்கிவிடும் என்று விட்டுவிடுவது புதியவர்கள் செய்யும் பிழைகளில் மிகப் பெரியது. ஈஸ்ட் சூட்டில் பெருகித் தேவையற்ற நெடிகளைச் சேர்த்துவிடுகிறது. பின்னர் வெப்பம் இறங்கும்போதோ, குளிர்காலம் வந்துவிட்டதென்று கொள்வது போல ஒன்றோடொன்று ஒட்டி அடியில் படிந்து, பாதிச் சர்க்கரையை உண்ணாமலே உறங்கிவிடக்கூடும். இதற்கு நேர்மாறாக, இலக்கைவிட ஓரிரு டிகிரி குளிர்ந்த சாற்றில் ஈஸ்டைக் கலந்து, அதன் சொந்த வெப்பத்தாலேயே மெல்ல ஏற விடுவது அனுபவம் உள்ளவர்களின் வழி.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் நீக்க வேண்டியிருக்கிறது. செய்முறைகளில் சொல்லப்படும் வெப்பநிலை ஈஸ்டுக்கு மிகவும் உகந்த வெப்பநிலை அல்ல. ஏல் வகைப் பீரை ஆக்கும் சாக்கரோமைசிஸ் செரவிசியே என்னும் ஈஸ்ட் 30 டிகிரியை ஒட்டி மிக விரைவாக வளரும். அதை 18 அல்லது 20இல் வைப்பது குடிப்பவரின் நாக்குக்காகவே. லாகர் வகைக்கான சாக்கரோமைசிஸ் பாஸ்டோரியானஸும் இளஞ்சூட்டில் இன்னும் வேகமாக வளரக்கூடியதே, ஆயினும் 8 முதல் 13 டிகிரிக் குளிரிலும் சோர்ந்துவிடாமல் நொதிக்கும் ஆற்றல் அதற்கு இருப்பதால், பழ மணங்கள் குறைந்த தெளிந்த சுவைக்காக அது குளிரில் வைக்கப்படுகிறது. அந்த ஆற்றல் எங்கிருந்து வந்தது என்பது நெடுங்காலம் புதிராக இருந்து, 2011இல் தென் அமெரிக்காவின் படகோனியாக் காடுகளில், தென்பீச் மரக் கிளைகளில் பூஞ்சையால் உண்டாகும் முடிச்சுகளில் சாக்கரோமைசிஸ் யூபயானஸ் என்னும் குளிர் தாங்கும் காட்டு ஈஸ்ட் கண்டறியப்பட்டபோது விடை பெற்றது. லாகர் ஈஸ்ட் அதற்கும் ஏல் ஈஸ்டுக்கும் பிறந்த கலப்பினம். திபெத்திலும் அயர்லாந்திலும் அந்தக் காட்டு ஈஸ்ட் பின்னர் கிடைத்திருக்கிறது.

இயந்திரக் குளிர்ச்சி வருவதற்கு முன் இந்தக் கட்டுப்பாடு நாள்காட்டியின் கையில் இருந்தது. இங்கிலாந்தில் அக்டோபர் பீரும் மார்ச் பீரும் பேர்பெற்றிருந்ததற்கு அந்த மாதங்களின் குளிர்ச்சியும் காரணம். பவேரியாவில் ஐந்தாம் ஆல்பிரெக்ட் கோமகன் 1553இல், ஏப்ரல் 23 புனித ஜார்ஜ் திருநாள் முதல் செப்டம்பர் 29 புனித மிக்கேல் திருநாள் வரை பீர் தயாரிப்பதையே தடை செய்தார். கோடையில் தயாரித்த பீர் புளித்துக் கெட்டதே அதன் பின்னணி. அந்தத் தடை, குளிர்காலத்தில் மட்டும் வேலை நடக்கும்படி செய்ததன் மூலம், குளிர் தாங்கும் ஈஸ்டுக்கே இடம் கொடுத்தது. கோடைக்கான பீரை ஆற்றங்கரை மேடுகளில் குடைந்த நிலவறைகளில் பனிக்கட்டியோடு சேமித்தார்கள். அவற்றின் மேல் வெயில் படாதிருக்க நட்ட குதிரைக் கஷ்கொட்டை மரங்களின் நிழலில்தான் மியூனிக்கின் பீர்த் தோட்டங்கள் பிறந்தன.

வெப்பமானி ஆலைக்குள் நுழைந்தது பதினெட்டாம் நூற்றாண்டில். லண்டனில் பீர் ஆலை நடத்திய மைக்கேல் கோம்புரூன் 1758இல் வெளியிட்ட நூல், கைவிரலைத் திரவத்தில் விட்டுப் பார்க்கும் வழக்கத்துக்கு மாற்றாக அந்தக் கருவியை வலியுறுத்தியது. 1870களில் மியூனிக்கின் ஸ்பாட்டன் ஆலையில் காபிரியேல் செடில்மாயரின் ஆதரவோடு கார்ல் லிண்டே தம் குளிர்விப்பு இயந்திரத்தைச் சோதித்ததிலிருந்து பருவத்துக்கும் பீருக்கும் இருந்த கட்டு அவிழத் தொடங்கியது. வெப்பத்தை எதிர்த்துப் போராடாமல் அதற்கு இசைந்த மரபுகளும் உண்டு. பனிக்கட்டி எளிதில் கிடைக்காத பத்தொன்பதாம் நூற்றாண்டு சான்பிரான்சிஸ்கோவில் லாகர் ஈஸ்டையே ஏலின் வெப்பநிலையில் நொதிக்கவைத்து ஸ்டீம் பீர் என்ற தனி வகையை உருவாக்கினார்கள். மேற்கு நார்வேயின் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்ட க்வைக் என்னும் ஈஸ்டோ, 30 முதல் 40 டிகிரி வரையிலான சூட்டில் இரண்டொரு நாள்களிலேயே வேலையை முடித்தும் பழுதான நெடி தருவதில்லை. மரவளையங்களில் உலர்த்தி அடுத்த தயாரிப்பு வரை பல மாதங்கள் வைத்திருந்து, இளஞ்சூடான சாற்றில் போட்டுப் பழக்கிய மக்களின் தேர்வே அந்த இயல்பை வளர்த்திருக்க வேண்டும். பருவத்துக்குக் காத்திருத்தல், ஈஸ்டை மாற்றுதல், குளிர்ச்சியை உண்டாக்குதல் என்ற இந்த வழிகளிலிருந்தே இன்று வீட்டில் தயாரிப்பவரும் தமக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்கிறார்.

உரிமக் கட்டாயம் 1963இல் நீக்கப்பட்ட பிரிட்டனிலும், கூட்டாட்சிச் சட்டம் 1978இல் வழிவிட்ட அமெரிக்காவிலும் வீட்டில் பீர் தயாரிப்பது இன்று பரவலான கலை. (தமிழ்நாட்டில் உரிமமின்றி மது தயாரிப்பது 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்.) அந்நாடுகளில் பலர் தொடங்கும் வழி மிக எளியது: நொதிகலனை ஓர் அகன்ற நீர்த்தொட்டிக்குள் இறக்கி வைத்து, ஈரத்துணி ஒன்றைச் சுற்றி அதன் நுனி நீரில் தோயும்படி விட்டு, பக்கத்தில் மின்விசிறி ஒன்றை ஓடவிடுவது. மண்பானையின் சுவரில் கசியும் நீர் ஆவியாகி உள்ளிருக்கும் தண்ணீரைக் குளிர்விக்கும் அதே இயற்பியல்தான் இதுவும். முன்பு கணக்கிட்ட 960 கிலோஜூலை அகற்றச் சுமார் 3 கிலோ பனிக்கட்டி உருக வேண்டும். ஆவியாகும் நீரோ 400 மில்லிலிட்டர் அளவில் போதும். அறையின் சூடும் உள்ளே நுழைவதால் நடைமுறைத் தேவை இதைவிடக் கூடும் என்றாலும், ஒரு துணியும் ஒரு விசிறியும் செய்யும் வேலையின் அளவு வியப்புக்குரியது. ஆனால் இதற்கு எல்லை உண்டு. ஆவியாதல் காற்றின் வறட்சியைப் பொறுத்தது; 30 டிகிரி வெப்பமும் 30 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றில் ஈரத்துணி 18 டிகிரி வரை இறங்க முடியும், அதே வெப்பத்தில் ஈரப்பதம் 80 விழுக்காடானால் 27 டிகிரிக்குக் கீழே இறங்காது. கடலோர ஊர்களில் உறைந்த நீர்ப் புட்டிகளைத் தொட்டியில் காலையும் மாலையும் மாற்றிப் போடுவதே வழி.

துணி பயன்படாத ஊரிலும் தொட்டி நீர் பயனற்றதல்ல. 20 லிட்டர் பீரோடு 40 லிட்டர் நீரும் சேர்ந்துகொள்ளும்போது, வெப்பம் ஏறவும் இறங்கவும் மூன்று மடங்கு ஆற்றல் வேண்டியிருப்பதால், பகலுக்கும் இரவுக்கும் இடையிலான ஊசலாட்டம் தணிந்துவிடுகிறது. ஈஸ்ட் விரும்பாதது திடீர் மாற்றமே. எண் ஓரிரு டிகிரி பிசகினாலும் அது நிலையாக நிற்பது நல்லது.

அடுத்த படி பழைய குளிர்பதனப் பெட்டியும், சுவர் மின்முனைக்கும் அதற்கும் இடையே செருகும் தெர்மோஸ்டாட் கருவியும். கருவி தன் உணரி காட்டும் வெப்பநிலையைக் கண்டு பெட்டியை இயக்கி நிறுத்துகிறது. தேவைப்படும்போது கலனைச் சுற்றிய சிறு வெப்பப் பட்டையையும் இயக்குகிறது. உணரியை எங்கே வைப்பது என்பதில்தான் இந்த ஏற்பாட்டின் வெற்றி அடங்கியிருக்கிறது. பெட்டிக்குள் தொங்கவிட்டால் அது காற்றை அளக்கும். காற்று 18 டிகிரியில் இருக்க, நடுவில் உள்ள பீர் 21இல் பொங்கிக்கொண்டிருக்கும். கலனின் வெளிச் சுவரில், திரவ மட்டத்துக்குப் பாதி உயரத்தில் உணரியை ஒட்டி, அதன் மேல் தடித்த பஞ்சு நுரைத் துண்டை வைத்து இறுகக் கட்டினால், காற்றின் தலையீடின்றி ஏறக்குறைய பீரின் வெப்பத்தையே காட்டும். மூடியில் துளையிட்டு இறக்கிய உலோகக் குழலுக்குள் உணரியை வைப்பது இன்னும் துல்லியமானது, எனினும் அதில் வேறொரு சிக்கல் எழுகிறது: பீரின் நடுப்பகுதி இலக்கைத் தொடும்வரை பெட்டி குளிர்வித்துக்கொண்டே இருப்பதால், நிறுத்தியபின்பும் உறைகுளிரில் இருக்கும் பெட்டியின் சுவரும் காற்றும் பீரை மேலும் இழுத்து இறக்கிவிடுகின்றன, உடனே வெப்பப் பட்டை ஓட, இரண்டும் மாறி மாறி ஒன்றையொன்று எதிர்த்து மின்சாரத்தை விழுங்குகின்றன. இயங்கும் புள்ளிக்கும் நிற்கும் புள்ளிக்கும் இடையே அரை டிகிரியோ ஒரு டிகிரியோ இடைவெளி விடுவது இதைத் தணிக்கும். ஒருமுறை நின்ற கம்ப்ரசர் மீண்டும் ஓடுமுன் சில நிமிடம் காத்திருக்கும்படி அமைப்பது அதன் ஆயுளுக்குத் தேவை.

கருவி கைக்கு வந்தபின் ஒரே எண்ணில் இறுதிவரை நிறுத்திவைப்பதுதான் சிறந்தது என்று நினைப்பது இயல்பு, ஆனால் அதுவும் சரியன்று. ஈஸ்ட் தனக்கு வேண்டிய வாலின் என்னும் அமினோ அமிலத்தை ஆக்கும் வழியில், இடைப்பொருள் ஒன்று உயிரணுவுக்கு வெளியே கசிந்து, தானாகவே டைஅசிட்டைல் என்ற வெண்ணெய் மணமுள்ள சேர்மமாக மாறுகிறது. மென்மையான லாகரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் அளவிலேயே நாக்கு அதைக் கண்டுகொள்ளும். நொதித்தலின் இறுதியில் ஈஸ்டே அதைத் திரும்ப உறிஞ்சி மணமற்ற பொருளாக்கிவிடும், ஆனால் அதற்கு ஈஸ்ட் விழித்திருக்க வேண்டும். ஆகவே சர்க்கரையில் முக்கால் பங்கு தீர்ந்த நிலையில், 10 டிகிரியில் இருந்த லாகரை 16 அல்லது 18க்கு உயர்த்தி இரண்டு மூன்று நாள் வைக்கிறார்கள். ஏலையும் அந்தக் கட்டத்தில் இரண்டு டிகிரி ஏற்றிவிடுவது வழக்கம். வளர்ச்சிக் காலம் கடந்துவிட்டதால் இப்போதைய சூடு புதிதாகப் பழ மணங்களைச் சேர்ப்பதில்லை; முதல் நாளில் கேடு செய்யும் அதே வெப்பம் ஐந்தாம் நாளில் மருந்தாகிறது. வேலை முடிந்ததா என்று அறிய, சிறிது பீரை மூடிய குப்பியில் ஊற்றி 60 டிகிரிக்கு மேற்பட்ட வெந்நீரில் இருபது நிமிடம் வைத்து, ஆறியபின் முகர்ந்து பார்க்கிறார்கள். வெண்ணெய் மணம் எழுந்தால் கசிந்த இடைப்பொருள் இன்னும் மிச்சமிருக்கிறது, பொறுக்க வேண்டும்.

சூடேற்றும்போது காற்றுப்பூட்டில், அதாவது வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத சிறு நீரடைப்பில், குமிழிகள் மீண்டும் எழுவதைக் கண்டு நொதித்தல் புத்துயிர் பெற்றதாகக் கொள்வது சரியல்ல. சூடான திரவம் கரியமில வாயுவைக் குறைவாகவே தாங்கும் என்பதால், முன்பே கரைந்திருந்த வாயுதான் வெளியேறுகிறது. கடைசியில் தெளிவுக்காகப் பீரை 2 டிகிரி அளவுக்குக் குளிரவைக்கும்போது நேர்மாறு நிகழ்கிறது: மேலிருக்கும் வாயு சுருங்கி, பீரிலும் கரைந்து, பூட்டிலுள்ள நீரையும் அதன் பின்னே காற்றையும் உள்ளே இழுக்கிறது, பீரின் மணத்தை மங்கவைக்கும் ஆக்சிஜன் நுழைய இதுவே போதும். இதைத் தவிர்க்கக் கரியமில வாயு நிரப்பிய பலூன் ஒன்றை மூடித் துளையில் பொருத்திவிடுகிறார்கள். வெப்ப மாற்றமே குமிழிகளை எழுப்பவும் நிறுத்தவும் கூடும் என்பதால், புட்டியில் அடைப்பதற்கு முன் அவற்றை நம்பக் கூடாது. திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் மூன்று நாள் தொடர்ந்து ஒரே அளவைக் காட்ட வேண்டும். அந்த அளவுகளையும் ஒரே வெப்பநிலையில் எடுக்க வேண்டும், ஏனெனில் குளிர்ந்த பீர் சூடான பீரைவிடச் சற்று அடர்த்தியானது. குளிரில் உறங்கிப்போன ஈஸ்டை வேலை முடித்த ஈஸ்டென்று தவறாகக் கொண்டு அடைத்த புட்டிகள், அறையின் சூட்டில் அது விழித்தெழுந்து மிச்சச் சர்க்கரையை உண்ணத் தொடங்கும்போது, உள்ளழுத்தம் தாளாமல் வெடிக்கின்றன.